மனைவியை வரவழைக்க ஒரு விவாகரத்து

மார்ச் பதினான்காம் தேதி, காலை ஒன்பது நாற்பது, லேசான தூறல். அந்த நேரத்தில் கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவரைப் போல மலேசியாவில் இன்னொருவர் கிடையாது. மனைவியை நேரில் பார்ப்பதற்காக விவாகரத்துக்கு மனுப் போட்டவர் அவர்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எனக்கு எதிர்வீடு. பெயர் எதுவோ, எல்லாருக்கும் மைக்கண்ணன். கோயில் திருவிழாக்களில் காணாமல்போனவர்களை ஒலிபெருக்கியில் அழைப்பவர். மைக் இல்லாதபோதும் குரல் இறங்காது. மூன்றாம் மாடியில் அவர் "உப்பு இருக்கா?" என்று கேட்டால், கீழே காரை நிறுத்துகிறவர் "இல்லண்ணே" என்பார். நான் பதினோரு முறை நிர்வாகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

அவர் மனைவி கமலம், ஒன்பது வருடங்களுக்கு முன் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போனார். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. "இங்க எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா?" என்று ஒருமுறை போனில் சொன்னாராம். பிறகு போனும் அமைதியாகிவிட்டது.

"நீயே போய்ப் பார்த்துட்டு வரலாமேய்யா?" என்றேன்.

"கூப்பிடாத எடத்துக்கு எப்படி சார் போறது? ஆனா கோர்ட்டு கூப்பிட்டா, அவ வந்துதானே ஆவணும்?"

துணைக்கு என்னையும் கிள்ளானுக்கு அழைத்துப் போனார். வழக்கறிஞர் சின்னப் பெண். "ஆன்டி வெளிநாட்டுல இருக்கறதால சமரசக் குழுவுக்குக்கூட போக வேணாம் அங்கிள். வாட்ஸ்அப்புலயே மனுவை அனுப்ப பெர்மிஷன் வாங்கிடலாம். ஈசி லா."

"ஈசியா வேணாம்மா. கொஞ்சம் கஷ்டமா ஏதாச்சும் இருக்கா பாரு. அவ நேர்ல வர்ற மாதிரி."

பிறகு என் காதில் ரகசியமாக, "கேஸ் நடக்கணும் சார், ஜெயிக்கக் கூடாது" என்றார். அவருடைய ரகசியம் கீழ்த்தளத்துப் பல் மருத்துவர்வரை போயிருக்கும். அந்தப் பெண் கேட்காததுபோலக் கோப்பைப் புரட்டினாள்.

மனு போனது. இரண்டு நீல டிக் விழுந்தன. பதில் இல்லை.

"படிச்சிட்டா சார்! டிக்கெட் போட்டுருப்பா!" சாலாக் செலாத்தான் பக்கம் ஒரு கடையில் புது மெத்தை வாங்கினார். அதைவிடப் பெரிய காரியம், மெதுவாகப் பேசப் பழகினார். தினமும் மாலை என்னைக் கமலத்தின் நாற்காலியில் உட்காரவைத்து, "காப்பி குடிக்கிறியா கமலம்?" என்பார். சத்தம் கூடினால் நான் கையைத் தூக்க வேண்டும். முதல் நாள் கையை இறக்கவே முடியவில்லை. இரண்டாவது வாரம், சுவர்க்கடிகாரத்தின் ஓசையைவிட மெதுவாக அவர் கேட்டார். நான் கமலமாகத் தலையாட்டினேன்.

வழக்கு நாளில் கமலம் வரவில்லை. எதிர்த்தரப்பு இல்லாவிட்டால் வெளியே வந்து மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பார்களாம். அந்த வேலை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருடையது. அவர் காகிதத்தைப் பார்த்தபடி பெயரை முணுமுணுத்தார்.

"பாஸ், அப்படிக் கூப்பிட்டா யார் வருவா?" என்று மைக்கண்ணன் எழுந்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் பார்க்கவில்லை.

"பெர்த் நகரத்திலிருந்து வருகை தரும் கமலம் அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாக இங்கே வரவும். உங்கள் வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்."

கறுப்புக் கோட்டுகள் நிறைந்த நடைபாதை அப்படியே நின்றது. இரண்டாம் முறை கூப்பிட்டபோது மின்தூக்கி திறந்தது. எல்லாரும் திரும்பினோம். தண்ணீர்ப் புட்டிகளோடு ஓர் ஆள் இறங்கினார். மூன்றாம் முறை குரல் தானாகவே இறங்கிவிட்டது.

உள்ளே பத்து நிமிடம்தான். ஜெயித்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. "அடுத்த ஸ்டேஷன் எதுய்யா?" என்றேன். ஏதோ முனகினார்.

"சத்தமா சொல்லுய்யா. எனக்குக் காது கேக்கல."

என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து அறிவித்தார். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அடுத்த ஸ்டேஷனையும் கேட்டேன், அதற்கடுத்ததையும் கேட்டேன்.

அன்று மாலை செலவுக் கணக்கைக் கூட்டித் தரச் சொன்னார். ரயில் டிக்கெட்டை நான் சேர்க்கவில்லை, அது என் செலவாகவே இருக்கட்டும். வழக்கறிஞர், நீதிமன்றம், மெத்தை எல்லாமாக அவருக்கு ஆனது ஆறாயிரத்து நூற்று நாற்பது ரிங்கிட்.