டிசைன் அண்ணனின் சர்வர்

விளையாடவே தெரியாத ஒரு மனிதர், நாங்கள் நான்கு பேர் விளையாடுவதற்காகத் தன் பிழைப்புக் கம்ப்யூட்டரை ஏன் விட்டுக்கொடுத்தார்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. நான் எதையும் அடித்துச் சொல்கிறவள் அல்ல. ஆனால் ஆரணியில் அவரைப் போல இன்னொருவர் பிறந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன்.

பட்டுப்புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவர் தொழில். அதனால் டிசைன் அண்ணன். ஆரணியின் மறுகோடியில் வீடு என்றாலும் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். நான் அப்போது கல்லூரி மாணவி. இணையத்தில் பழக்கமான போளூர், வேலூர், சென்னை நண்பர்களோடு ஒரு விளையாட்டில் ஊர் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஊர் உயிரோடு இருக்க ஒரு கம்ப்யூட்டர் சர்வராக ஓட வேண்டும். வாடகைக்கு எடுக்க நால்வரின் கைக்காசும் சேர்ந்தாலும் போதாது. அண்ணனிடம் புலம்பினேன்.

"இவ்ளோதானா? நான் பாட்டுக்கு டிசைன் போட்டுகினு இருக்கறேன். அது ஓரமா ஓடட்டும்."

தொல்லை, போன் கம்பியிலேயே ஓடும் டயல்-அப் இணைய ரூபத்தில் வந்தது. இணையும் ஒவ்வொரு முறையும் சர்வரின் முகவரியான எண் மாறும். புது எண்ணை எங்களுக்குச் சொல்லப் போன் செய்ய வேண்டும். போன் செய்ய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தால் அந்த எண் செத்தது. ஒரே நாளில் ஏழு செத்த எண்களை எழுதிக்கொண்டேன். பிறகுதான் இணைப்பைத் துண்டிக்காமல் தன் வீட்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓட அவருக்குத் தோன்றியது.

"ஜல்தி எழுதிக்கோ பாப்பா, பூத்துக்காரன் மொறைக்கிறான்!"

அமாவாசையன்று தறி ஓடாது. அண்ணன் சர்வரையும் நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டால், "அதுவும் உழைக்குதுல்ல?" என்பார்.

விளையாட்டில் நாங்கள் கட்டிய ஊரின் படமும் கட்டம் கட்டமாக இருக்கும், பார்டர் டிசைனும் அப்படித்தான். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர், ஒரு தறி முதலாளிக்கு அன்னப்பட்சி பார்டருக்குப் பதில் எங்கள் ஊரை அனுப்பிவிட்டார். டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஓட்டை அட்டையும் குத்தியாயிற்று. ஒன்றரை முழம் நெய்த பிறகுதான் தெரிந்தது. பார்டரில் அசல் ஜரிகையில் என் ஓட்டு வீடு. பக்கத்தில் போளூர்க்காரனின் மாட்டுக் கொட்டகை.

"இன்னாய்யா இது, முகூர்த்தப் பொடவையில மாடு மேயுது!" என்று முதலாளி தெருவே கேட்கக் கத்தினார். "நாளைக்குள்ள அந்த வெளையாட்டத் தூக்கிப் போடு. இல்லனா என் வேலை ஒனக்கு இல்ல."

அண்ணனின் பாதி வருமானம் அந்த முதலாளிதான். நான் பதறி ஓடினேன். "அண்ணா, இப்பவே நிறுத்திடுங்க."

"நிறுத்திக்கலாம் பாப்பா. அந்தப் போளூர்ப் புள்ள பாலம் கட்டிகினு இருக்குது. பாதியில எப்படி வுடறது?"

பாலம் முடிய நான்கு நாள் ஆயிற்று. முதலாளி அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வாரம் காய்கறிக் கடையில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என் நான்கு வயது மகளைக் குனிந்து பார்த்தார். "பிராட்பேண்டு போட்டுட்டேன். ஒம் பொண்ணுக்கு ஒரு சர்வர் ஓட்டட்டுமா?"

"சின்னப் பிள்ளை அண்ணா, கண் கெட்டுடும்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். "ஆமாம் ஆமாம்" என்று கத்தரிக்காய் பொறுக்கப் போய்விட்டார்.

வாசகர்களே, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் கம்ப்யூட்டர் காட்டலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கால் மணி நேரம் என்று எழுதினாலும் போதும், அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன்.