பருத்திக்கு அனுமதி இல்லை

ஒருவன் நாகரிகம் அடைந்துவிட்டானா இல்லையா என்பதை, அவன் துண்டு துவைக்கும் விதத்தை வைத்தே சொல்லிவிடலாம். இந்த அளவுகோலின்படி கொடைக்கானல் மலை முழுவதிலும் நாகரிகம் அடைந்தவன் ஒரே ஒருவன்தான். தன்னடக்கம் காரணமாக அவன் பெயரை அடுத்த பத்தியில் சொல்கிறேன்.

திருமலைச்சாமி. நான்தான். வீடு பள்ளங்கியில், பிழைப்பு ஏரிக்கரை ஸ்டாண்டில் டூரிஸ்ட் கார். போன சீசன் வரைக்கும் நானும் மற்ற டிரைவர்களைப் போலப் பழைய பனியனால் காரைத் துடைத்த காட்டுமிராண்டிதான். ஒருநாள் சென்னைப் பார்ட்டி ஒன்று, "என்ன டிரைவர், கண்ணாடி முழுக்க நூல் நூலா ஒட்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டது. மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் செல்போனில் வீடியோ பார்த்தேன். ஞானம் பிறந்தது. மறுவாரமே முப்பத்தாறு மைக்ரோஃபைபர் துண்டுகள் பார்சலில் வந்து இறங்கின.

சாதாரணத் துண்டு என்று நினைத்துவிடாதீர்கள். நீலம் கண்ணாடிக்கு, மஞ்சள் பாடிக்கு, சிவப்பு டயருக்கு. தரையில் விழுந்த துண்டு, விசாரணை ஏதுமின்றி டயர் பிரிவுக்குப் 'பதவி இறக்கம்' செய்யப்படும். குளிர்ந்த தண்ணீர் ஆகாது, கொதிக்கும் தண்ணீரும் ஆகாது, வெதுவெதுப்பு வேண்டும். வாசனைத் திரவம் ஊற்றினால் துண்டு உறிஞ்சும் சக்தியை இழந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்கவே கூடாது. பருத்தி நூல் உதிர்க்கும், துண்டு அதை விடாமல் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்தத் துண்டின் வாழ்க்கையே வீண்.

இத்தனை சட்டத்தையும் சும்மா விட்டுவிட முடியுமா? 'பள்ளங்கி வட்டார மைக்ரோஃபைபர் துண்டு நலச் சங்கம்' உதயமாயிற்று. தலைவர் நான். செயலாளர், ஸ்டாண்டில் எனக்கு அடுத்த வண்டிக்காரன் மணியன். உறுப்பினர்கள்: மேற்படி இருவர். கூட்டம் என் வீட்டில். டீ, என் மனைவி பாண்டிச்செல்வி. 'எவர் துணியோ அவரே துவைக்க வேண்டும், பிறர் கையில் கொடுக்கக் கூடாது' என்று ஏழாவது விதியை நானே எழுதினேன். என் துண்டில் வேறு யாரும் கை வைப்பது எனக்குப் பிடிக்காது.

மார்கழியில் கூடிய பொதுக்குழு, துண்டுகளுக்கென்று ஒரு வாஷிங் மெஷின் வாங்க ஏகமனதாகத் தீர்மானித்தது. மெஷினை நானும் மணியனும் தூக்கிவந்து வீட்டுக்குள் வைத்தோம். பாண்டிச்செல்விக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"எம்புட்டு வருஷமாக் கேட்டேன்! இப்பவாவது மனசு வந்துச்சே!" என்று மெஷினுக்குக் குங்குமம் வைத்தாள். கையோடு ஒரு வாளி அழுக்குத் துணியையும் தூக்கிவந்தாள்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "நில்லு! என்ன அது?"

"உங்க வேட்டி சட்டதாங்க."

"பருத்தி! இது துண்டுக்கு வந்த மெஷினு புள்ள. ஒரு பருத்தி உள்ள போச்சுன்னா முப்பத்தாறு உசுரு போயிரும்!"

அவள் கையை நீட்டினாள். விரலெல்லாம் வெடித்துக் கிடந்தது. "தொட்டித் தண்ணி ஐஸாக் கெடக்குங்க. விரல மடக்க முடியல."

நான் ஒன்றும் அநியாயக்காரன் இல்லை. பொதுமக்கள் குறை எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் கொள்கை. "ஏலே மணியா, எழுதிக்கோ" என்றேன். மணியன் குறிப்பேட்டில் எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன்.

"மதினி, டீல சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான் மணியன்.

பாண்டிச்செல்வி வாளியைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீட்டில் அமைதி நிலவியது. நிர்வாகம் சீராக நடப்பதன் அடையாளம் அது என்று மகிழ்ந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு டீயோடு எங்கள் மகள் சுசித்ராவையும் அழைத்து வந்தாள். பத்தாவது படிக்கிறவள். கக்கத்தில் ஒரு துணி மூட்டை.

"சங்கத்துல ஒரு சந்தேகங்க. மெஷினுக்குப் பருத்திதான ஆகாது?" என்றாள் பாண்டிச்செல்வி.

"ஆமா."

"வேற தடை ஒண்ணும் இல்லையே?"

"பருத்தி இல்லாத எதுக்கும் தாராளமா அனுமதி உண்டு! எழுதிக்கோ மணியா."

அவன் எழுதி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். "சுசி, இப்பப் படி."

சுசித்ரா ஒரு நீலத் துண்டை எடுத்து, ஓரத்திலிருந்த பட்டியை வாசித்தாள். "எண்பது சதம் பாலியஸ்டர், இருபது சதம் பாலிஅமைடு. அப்பா, பாலிஅமைடுன்னா நைலான்." அப்புறம் மூட்டையைப் பிரித்தாள். தன் சுடிதார்: பாலியஸ்டர். அம்மாவின் சேலை: பாலியஸ்டர். நைட்டி: அதுவும் பாலியஸ்டர்.

"இந்தப் பனிமூட்டத்துல பருத்தி என்னைக்குங்க காஞ்சிருக்கு?" என்றாள் பாண்டிச்செல்வி. "ஈரத்த உடுத்த முடியாமத்தான் நானும் புள்ளையும் பத்து வருஷமா இதையே கட்டுறோம். ஒங்க துண்டும் நாங்களும் ஒரே வகையறாங்க."

மெஷின் மூடி திறந்தது. என் நீலமும் மஞ்சளும் அவர்களுடைய சேலை சுடிதாரோடு கைகோத்துச் சுற்றத் தொடங்கின. வீட்டில் பருத்தி உடுத்தும் ஒரே குடிமகன் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு சங்கத் தலைவன் மொடமொடவென்று வெள்ளைச் சட்டை போடாமல் ஸ்டாண்டில் நிற்க முடியுமா?

"அப்ப என் வேட்டி சட்ட?"

"கல்லு கெடக்கு, வாளி கெடக்கு."

"யாரு துவைக்கிறதாம்?"

மணியன் தொண்டையைச் செருமினான். "அண்ணே, ஏழாவது விதி. எவர் துணியோ அவரே."

துரோகி! டீயில் அன்று அவனுக்கு மட்டும் சீனி சரியாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் வெள்ளனே எழுந்து, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகனாகத் தொட்டியருகே போனேன். புல்லெல்லாம் உறைபனி. வாளித் தண்ணீரில் கையை விட்டேன். "அய்யய்யோ!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய் ஓடியது. ஒரு வேட்டி அலசுவதற்குள் விரல் மரத்துப் போயிற்று. இரண்டாவது சட்டையில் நகக்கண் வெடித்து ரத்தம் கசிந்தது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

"ஏ செல்வி! இந்தத் தண்ணி இம்புட்டுக் குளிரும்னு பதினேழு வருஷத்துல ஒரு வார்த்த சொன்னியா நீ?"

உள்ளே மெஷின் வெதுவெதுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பாண்டிச்செல்வி வாசலுக்கு வந்தாள். கையில் சங்கக் குறிப்பேடு. சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்தைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சத்தமாப் படிங்க தலைவரே."

படித்தேன். 'இதர விஷயங்கள்: உறுப்பினர் அல்லாத ஒருவர் தண்ணீர் குளிர்வதாகக் கூறினார். முக்கியமாக எதுவும் இல்லாததால் கூட்டம் டீயுடன் இனிதே முடிந்தது.'

அடியில் தலைவர் கையெழுத்து. என் கையெழுத்துதான், விரல் நன்றாக மடங்கிய காலத்தில் போட்டது, முத்து முத்தாக இருந்தது.