ஃபியட்டின் சிவப்பு விளக்கு குறித்து அத்திம்பேருக்கு

லோத்குண்டா, செகந்திராபாத்
14-11-2006

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் வரதராஜன் அவர்களுக்கு, ராமசுவாமி அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் வேதாவும் சந்தீப்பும் சௌக்கியம். திருச்சியில் தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. ரிட்டயர் ஆகித் திருச்சிக்குக் குடிபோனபோது தாங்கள் என்னிடம் விட்டுப்போன பழைய ஃபியட்டை, அமெரிக்காவிலிருந்து வரும் சிரஞ்சீவி கிருஷ்ணா 'வின்டேஜ்' என்று ஆசைப்பட்டுக் கேட்கிறான், அடுத்த மாதம் வந்து ஓட்டிக்கொண்டு போவான் என்று எழுதியிருந்தீர்கள். பேஷாக எடுத்துப்போகட்டும். கார் உங்களுடையது, நான் வெறும் டிரைவர், அதுவும் சம்பளமில்லாத டிரைவர். ஆனால் பெற்ற பிள்ளை அதில் ஏறித் திருச்சிவரை ஓட்டப்போகிறான் என்கிறபோது, டேஷ்போர்டு இப்போது என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால், நாளைக்கு நான் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

முதலில் சிவப்பு விளக்கு. பாட்டரி சார்ஜ் ஆகாவிட்டால் எரியுமே, அது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை வெயிலில் மல்காஜ்கிரிக்குப் புறப்பட்டேன், எரிகிறது. சாவியைத் திருப்பி அணைத்தேன், எரிகிறது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன், எரிகிறது. பாட்டரி ஒயரையே கழற்றிவிட்டேன், அது பாட்டுக்கு எரிகிறது. ஹைடெக் சிட்டியில் ஆபீசிலிருந்த சந்தீப்புக்கு போன் பண்ணினால், கம்ப்யூட்டருக்குச் சொல்கிற வைத்தியத்தையே எனக்கும் சொன்னான், "அப்பா, ஏக் பார் ரீஸ்டார்ட் கரோ", ஒருதரம் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கோ என்று. மெக்கானிக் வேணுகோபாலை வீட்டுக்கே அழைத்து வந்தேன். அவர் டைனமோவைக் கழற்றினார், மாட்டினார், பாட்டரி இல்லாமல் எரியும் விளக்கைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று பயந்துபோய், சூடு இருக்கிறதா என்று அதை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். அப்படியே நெற்றியில் இட்டுக்கொண்டார். பூஜையன்று ஸ்டியரிங், கியர் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்த வேதா, பாரபட்சம் எதற்கு என்று அந்த விளக்குக்கும் வைத்திருக்கிறாள். துடைத்துப் பார்த்தால் அடியில் நிஜ விளக்கு ஃப்யூஸ். எத்தனை காலமாக என்று பகவானுக்குத்தான் வெளிச்சம். இதை நம்பியா குழந்தையை ஏற்றி அனுப்புவது?

பெட்ரோல் முள்ளைக் கேட்கவே வேண்டாம். வண்டியை வலதுபக்கம் திருப்பினால் டாங்கி நிறைந்திருக்கிறது என்கிறது, இடதுபக்கம் திருப்பினால் காலி என்கிறது, நேரே போனால் யோசிக்கிறது. வலதுபக்கமாகவே திரும்பித் திருச்சி போய்ச் சேர ரோடு கிடையாது. சூடு காட்டும் முள்ளோ ஊரெல்லாம் தூங்கிவிட்டு, வண்டியை நிறுத்தக்கூடாத ராணுவ எல்லைக்குள் நுழைந்ததும் விசுக்கென்று எழுந்து சிவப்பில் உட்காருகிறது. நான் அலறியடித்துக்கொண்டு நிறுத்தி பானெட்டைத் திறந்தால், பின்னால் வந்த ஆட்டோக்காரர் "நக்கோ சாப், யஹான் கைக்கு ரோக்கே?", இங்கே எதற்கு நிறுத்தினாய் என்று சண்டைக்கு வருகிறார், துப்பாக்கியோடு ஒரு ஜவான் வந்து பக்கத்தில் நிற்கிறான். ரேடியேட்டர் ஜில்லென்று இருந்தது. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

ஆகையால் இதன் கோணல் குணமெல்லாம் தெரிந்த என்னோடேயே இந்தப் பீடை இருந்துவிட்டுப் போகட்டும். கிருஷ்ணா பொத்தானை அமுக்கி ஓட்டிப் பழகிய பிள்ளை, அவனுக்கு எதற்கு இந்தத் தலைவலி? நான் தடுத்தேன் என்று மட்டும் இருக்க வேண்டாம்.

அக்காவுக்கு நமஸ்காரம். கிருஷ்ணாவுக்கு ஆசீர்வாதம். வண்டி இல்லையென்றாலும் அவன் அவசியம் இங்கு வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போகட்டும், ரயிலில்.

இப்படிக்கு, தங்கள் நலம் ஒன்றே கோரும்
ராமசுவாமி

பி.கு.: அத்திம்பேருக்கு வேதா நமஸ்காரம். கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், படித்தேன். எல்லாம் நிஜம்தான், ஆனால் எல்லாம் போன மாசத்துக் கதை. விளக்கு, முள் எல்லாம் வேணுகோபால் மாற்றிக் கொடுத்தாச்சு. முந்தாநாள் யாதகிரிகுட்டா நரசிம்மர் கோயிலுக்குப் போய்வந்தோம், வண்டி ஜம்முனு போச்சு. கிருஷ்ணா தாராளமாய் வரட்டும். ஒண்ணே ஒண்ணு. ரிட்டயர் ஆனதிலிருந்து இவர் தினம் ஆபீஸ் நேரத்துக்குச் சட்டை போட்டுண்டு, டிபன் டப்பாவோட வாசலில் நிற்கிற காரில் போய் உட்கார்ந்து முள்ளையெல்லாம் பார்த்துண்டிருந்துவிட்டு, சாயங்காலம்தான் உள்ளே வருகிறார். காரை எடுத்துப்போவதானால் இவரையும் உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தி எடுத்துப்போகச் சொல்லுங்கோ. பகல் பூரா வீட்டில் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.