ஒரு சொல்லும் புரியாத டங்கன் டீச்சர்

கொரியாவின் எந்த நகரத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். கீழே மருந்துக்கடை, அதற்கு மேலே கோழி வறுவல் கடை, அதற்கும் மேலே பல் டாக்டர் என்று அடுக்கிய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், ஹாக்வான் என்கிற டியூஷன் சென்டருக்குள் ஓர் அபூர்வ இனத்தைப் பார்க்கலாம். உள்ளூர் மொழி தெரியாத வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் என்று அதற்குப் பெயர். தெரியாத என்றா சொன்னேன்? மன்னிக்கவும். தெரியக் கூடாத.

நியூசிலாந்துக்காரர் டங்கன் இந்த இனத்தின் முதல் தரமான சரக்கு. தேஜோன் நகரத்தில் குடியேறி ஒன்பது வருஷம் ஆகிறது. டாக்சிக்காரரோடு அரசியல் பேசுவார், மீன் கடையில் பேரம் பேசுவார், குளிருக்குத் தரைக்கடியில் போட்ட ஹீட்டர் சூடாகவில்லை என்று வீட்டுக்காரரிடம் கொரிய மொழியிலேயே மூச்சுவிடாமல் சண்டை போடுவார். பகல் இரண்டு மணிக்கு ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் அத்தனையும் மறந்துபோகும். யாராவது வணக்கம் சொன்னால்கூடத் திருதிருவென்று விழிப்பார்.

எல்லாம் சென்டர் முதல்வர் பியோ மிசுக் போட்ட சட்டம். "உங்களுக்குக் கொரிய மொழி புரியும்னு அம்மாமாருக்குத் தெரிஞ்சா சென்டரை மூட வேண்டியதுதான். உங்களுக்குப் புரியாது, பிள்ளைங்க இங்கிலீஷ்லயே பேசியாகணும்னுதானே அவங்க பணம் கட்டறாங்க?" என்று சேர்ந்த அன்றே அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

அதனால் லிஃப்டில் தாய்மார்கள் டங்கனின் தொப்பையைப் பற்றியும், நாற்பது வயதாகியும் அவருக்கு ஏன் ஒருத்தி கிடைக்கவில்லை என்பதைப் பற்றியும் அவர் எதிரிலேயே விவாதிப்பார்கள். அவரும் பச்சைக் குழந்தைபோலச் சிரித்துக்கொண்டு நிற்பார். என்ன பொறுமை, என்ன பொறுமை!

அவர் வகுப்பில் உஜூ என்று ஏழு வயதுப் பையன். பள்ளிக்கூடம், பியானோ, டேக்வாண்டோ, கணக்கு எல்லாம் முடித்துவிட்டு இங்கே வந்து மேஜையில் தலை சாய்த்துவிடுவான். ஒருநாள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தான். டங்கன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்து, "அழாதடா. உங்கம்மாகிட்ட நான் சொல்றேன்" என்று கொரிய மொழியில் கிசுகிசுத்தார். பையன் அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த வாரம் உஜூ அம்மா மகனையும் அழைத்துக்கொண்டு ஆலோசனைக்கு வந்தாள். நடுவில் மொழிபெயர்க்க முதல்வர். பையன் தூக்கத்தில்கூட அழுகிறான், நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன், டீச்சர் சொல்கிறபடி செய்கிறேன் என்று அவள் கொட்டித் தீர்த்தாள். டங்கனும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். குழந்தை ஓய்ந்துபோயிருக்கிறான், கொஞ்ச மாதம் விளையாட விடுங்கள் என்று தெள்ளத் தெளிவாகச் சொன்னார். ஆங்கிலத்தில்.

முதல்வர் தேன் ஒழுக மொழிபெயர்த்தார். "பையன்கிட்ட அபாரத் திறமை இருக்காம். இப்போ நிறுத்தினா வீணாப் போயிடுமாம். சனிக்கிழமை வகுப்பிலயும் சேர்த்துடுங்கன்னு சொல்றார்."

தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து டங்கனைக் குனிந்து வணங்கினாள். அவர் வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா? இல்லை, மறுநாள் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். அது போனால் விசா போகும், சென்டர் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த வீடும் போகும். டங்கன் தலையாட்டினார்.

உஜூ நிமிர்ந்து பார்த்தான். "டங்கன் டீச்சர், நீங்க அப்படியா சொன்னீங்க?" என்று கொரிய மொழியில் கேட்டான்.

டங்கன் முதல்வர் பக்கம் திரும்பி, "பையன் என்ன சொல்றான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷமாம்" என்றார் முதல்வர்.

உஜூ இப்போது சனிக்கிழமையும் வருகிறான். தூங்குவதில்லை. டங்கனிடம் ஆங்கிலத்தைத் தவிர வேறெதுவும் பேசுவதுமில்லை. அபார முன்னேற்றம் என்று முதல்வர் மாத அறிக்கையில் எழுதியிருக்கிறார்.

டங்கனைக் கோழை என்று திட்டுகிறீர்கள். திட்டுங்கள், எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் போன வாரம் உங்கள் ஆபீஸ் கூட்டத்தில் மேனேஜர் யார் தலையிலோ பழியைப் போட்டுப் புளுகியபோது, பழி சுமந்த அந்த ஆள் உங்கள் முகத்தைத்தானே பார்த்தார்? அந்த நேரத்தில் நீங்கள் செல்போனில் அவ்வளவு அக்கறையாக எதைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்?