காட்டுக்குப் போன இறால் வலை

முதலில் கெடுத்தவன் தனசேகர்தான். இதை மாணிக்கம் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சொல்வார்.

ஏரியில் இறால் ஓடும் இடத்தில் ஊரார் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். போன ஐப்பசியில் மாணிக்கத்தின் பாடு வந்த அன்று அவருக்குக் காய்ச்சல். பெண்டாட்டியின் தம்பி தனசேகர் ஓடி வந்தான்.

"நீ படு மாமா. நான் போடுறேன்."

போட்டான். அள்ளினான். அத்தனை இறாலும் அவன் வீட்டுக்கே போனது. "எனக்கு வர்ற பாடு ஒன்ன உனக்குத் தர்றேன் மாமா" என்றான். தரவில்லை. அது கைக்கு வரும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மாணிக்கம் சபதம் செய்துவிட்டார்.

இன்று தனசேகரின் பாடு. அவனிடம் வலை இல்லை.

"யோவ், உன் வலையக் குடேன்யா. அவன் வலைய நண்டு கொதறி வெச்சிருக்கு" என்றாள் பொன்னியம்மாள்.

"நண்டு நல்லா இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவருக்குத் திட்டம் பிறந்தது. உச்சிப்பொழுதுக்குள் பாடு வந்தவன் வலை இறக்கவில்லை என்றால், அந்த இடத்தில் வேறு யார் வேண்டுமானாலும் இறக்கலாம். ஊர் வழக்கம். அதுவரை அவனை எங்காவது அடைத்து வைக்க வேண்டும். எங்கே? எதிர்க்கரையில் ஒரு சின்னக் காடு இருக்கிறது. எந்தக் கோடையிலும் இலை உதிர்க்காத காடு. வனத்துறை வேலி போட்டுக் காக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறையைப் பார்க்க வருகிற டவுன்காரர்கள், படகு பிடித்து அதையும் பார்த்துவிட்டுப் போவார்கள். பொன்னியம்மாள் கல்யாணமான நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கெளம்பு பொன்னி, காட்டுக்குப் போலாம்."

"இன்னாய்யா, மறுபடியும் ஜொரமா?"

"உன் தம்பியையும் இட்டுனு வா. படகுக்குக் கோல் போட ஆள் வோணும்."

அவள் அவரைப் பார்த்தாள். கரையில் நின்ற படகில் எதையோ மூடிப் புடைத்திருந்த தார்ப்பாயைப் பார்த்தாள். அடுப்பில் இன்னும் ரெண்டு பிடி அரிசி போட்டாள்.

படகு கிளம்பியது.

"பொன்னி, அவன எடது பக்கம் தள்ளச் சொல்லு."

"டேய் சேகரு, எடது பக்கமாம்."

"அங்க சேறுக்கா. மாமாவாண்ட சொல்லு."

"சேறாம்யா."

"எனக்குத் தெரியாதான்னு கேளு!"

"தெரியாதான்னு கேக்குறாருடா. தோ பாரு, ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்குத் தொண்ட காஞ்சு போச்சு."

கரை சேர்ந்ததும், "நீங்க போங்க, நான் படகாண்ட இருக்கேன்" என்றார் மாணிக்கம்.

"ஒரு எட்டு உள்ள வாய்யா. நீ இல்லாம நான் இன்னாத்தப் பாக்குறது?"

அவள் அப்படிப் பேசி வெகுகாலம் ஆயிற்று. ஒரே ஒரு எட்டு என்று உள்ளே போனார்.

வெயில் வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே பச்சை வெளிச்சம். ஏரிக்கு அடியில் நடப்பது போல இருந்தது. கொடிகள் மெல்ல ஆடின. தலைக்கு மேலே இலைகள் அலையடித்தன. எங்கோ ஒரு புறா ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. மாணிக்கம் எதற்கு வந்தோம் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தார். பொன்னியம்மாள் சோற்றைப் பிரித்தாள். கருவாட்டுக் குழம்பு. வழக்கத்தைவிட ரெண்டு உருண்டை கூடுதல். பிறகு அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு முடியைக் கோதினாள்.

மரங்களுக்கு நடுவே இறால்கள் நீந்தி வந்தன. கூட்டம் கூட்டமாக, கண்ணாடி போல. ஒவ்வொன்றும் அவர் முன்னால் நின்று, "மாமா, இது உங்க பாடா?" என்று மரியாதையாகக் கேட்டது.

"என் பாடுதான்" என்று சொல்லிக்கொண்டே கண் விழித்தார். தலைக்கு அடியில் மடி இல்லை. சோற்றுப் பை இருந்தது.

கரைக்கு ஓடினார். படகு இல்லை. தூரத்தில், இறால் ஓடும் இடத்தில் நின்றது. பொன்னியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோல் பிடித்திருந்தாள். தனசேகர் வலை இழுத்துக்கொண்டிருந்தான். அவருடைய வலை. அதில் துள்ளிய இறால் வெயிலில் மின்னியது.

"பொன்னீ!"

அவள் திரும்பவில்லை.

"பொன்னீ! காது அடைச்சுக்கிச்சா?"

திரும்பினாள். தம்பியைக் கைகாட்டினாள். அவனைக் கூப்பிடு என்று அர்த்தம். மாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏரி சிவந்தது. கொசு வந்தது. வனக் காவலர் வந்தார்.

"பெரியவரே, கேட்ட மூடணும். கெளம்புங்க."

வேறு படகு இல்லை.

"சேகரு! டேய் மச்சான்! படகக் கொண்டாடா!"

கொக்குகள் கூட்டமாக எழுந்து பறந்தன. படகு அந்த நொடியே திரும்பியது.

"யாரைக் கேட்டு என் வலைய எடுத்தீங்க?" என்று ஏறும்போதே கத்தினார்.

"நீதான எடுத்தாந்த?" என்றாள் பொன்னியம்மாள். "காட்டுல கொரங்கு புடிக்கவா?"

படகு நகர்ந்தது. பின்னால் காடு ஒரு கறுப்புக் கோடாகி, கோடும் கரைந்தது. காலடியில் இறால் குவியல். அவன் பாடு, அவன் இறால்.

"பொன்னி, எனக்குத் தர்றேன்னு சொன்ன பாடு எப்போன்னு அவனக் கேளு."

"நான் எதுக்கு நடுவுல? அதான் பேசிட்டியே. நீயே கேளு."

மாணிக்கம் கேட்டார்.

"அடுத்த தபா மாமா" என்றான் தனசேகர்.