பாராடாங் விறகுப் பரணி

மூன்று நாள் கப்பலில் மூன்று நாளும் வாந்தியெடுத்தே வங்கக் கடலை வென்றவனும், கோப்பு என்னும் கொடும்பகையைக் குறிப்பு என்னும் கூர்வாளால் அன்றாடம் பிளப்பவனும், தில்லையம்பதியில் பிறந்து அந்தமான் புகுந்து ஆறாண்டு கழிந்தபின்னும் சிப்பிகாட்டுக் கடைத்தெருவில் 'மெயின்லேண்ட் சாப்', அதாவது பெருநிலத்து ஐயா, என்றே அழைக்கப்படும் மாறாப் பெருமை கொண்டவனும், மலைபோல் உயர்ந்த, ஆனால் தோளில் அல்லாமல் வயிற்றில் உயர்ந்த திருமேனியனுமாகிய மத்திய அரசு மேல்நிலை எழுத்தன் சிவபிரகாஷ் வாழ்க, அவன் கொற்றம் ஓங்குக. அவன் புகழைப் பாட வேறு புலவர் எவரும் முன்வராததால் அவனே, அதாவது அடியேனே, பாட நேர்ந்தது.

போர் மூண்ட காரணத்தை முதலில் உரைக்க வேண்டும். வீரனின் இல்லத்தரசியும், பிச்சாவரத்துக் கழிமுகத்தை அடுத்த கிள்ளையில் பிறந்தவளும், வெங்காயம் ஏற்றிய கப்பல் எப்போது வரும் என்று ஆறாண்டுகளாகக் கடல் பார்த்து நின்றவளும், டிக்கெட் கிடைக்காமல் அக்காள் மகள் கல்யாணத்தைக் கைபேசித் திரையிலேயே கண்டு அட்சதையைத் தன் வீட்டுச் சமையலறையில் தூவியவளுமான உமா மகேஸ்வரி, ஊருக்கு மாற்றல் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தாள். வீரனோ நகர மறுத்தான். அலுவலகம் விட்டு வரும் மாலைகளில் பாக்குத் தோப்புகளின் தலைக்கு மேல் மழை ஏறிவருவதைப் பார்த்தால் அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. இந்தத் தீவு அவனுக்கு உண்மையாகவே பிடித்துப் போயிருந்தது. இக்காவியத்தில் பகடி இல்லாத வரி அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டிகள் காவலோடு வரிசையாகச் செல்லும் விடியற்காலைக் கான்வாயில் காடு கடந்து, ஃபெர்ரியில் நீர் கடந்து, பாராடாங்கில் இறங்கி, நான்கு தலைமுறையாகத் தீவிலேயே வாழும் குடும்பத்தைச் சேர்ந்த வழிகாட்டி துரைசாமி முன்னே செல்ல, அட்டைகளுக்கு உதிரம் ஈந்தபடி ஒன்றரை மணி நேரம் நடந்து, சதுப்புக் காட்டின் விளிம்பில் நின்ற தகரக் கொட்டகையை மூவரும் அடைந்தனர். நடந்து வருவோர் இளைப்பாறக் கட்டிய கொட்டகை அது. நடுவில் மூன்று கல் அடுப்பு. தானாக விழுந்து காய்ந்த விறகை மட்டும், அதுவும் அந்த அடுப்பில் மட்டும் எரிக்கலாம் என்பது அங்கே விதி. பையில் தேயிலை, பால் பவுடர், சர்க்கரை, ஒரு பாத்திரம், இரண்டு லிட்டர் குடிநீர் இருந்தன. அடுப்பைப் பார்த்ததும் உமா மகேஸ்வரி அறைகூவல் விடுத்தாள்.

“தீவுக்காரன் தீவுக்காரன்னு பீத்திக்கிறீங்களே, யாரையும் கேக்காம இந்தக் காட்டுல ஒரு டீ போட்டுக் குடுங்க பாப்போம். குடுத்துட்டா நான் மாத்தல் பேச்சையே எடுக்கல. இல்லன்னா நாளைக்கே மனு குடுத்துடணும்.”

அது கேட்ட வீரன் மீசை துடிக்க, இருக்கும் அளவுக்குத் துடிக்க, இவ்வாறு முழங்கினான்: “வானும் உப்பங்கழியும் கேட்கட்டும். இவ்வடுப்பில் என் கையால் எரி எழும், நீர் கொதிக்கும், தேநீர் பொங்கும். அதுவரை மனைவியாயினும் வழிகாட்டியாயினும் யோசனை கூற வாய் திறப்போர் என் பகைவர் ஆவர்.” உமா மகேஸ்வரி சரி என்று சொல்லி, அடுப்புக்கு முதுகு காட்டிக் கழியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

வீரன் ஆயத்தமின்றி வந்தவன் அல்லன். எந்த விறகு நல்லது, எந்த விறகு நஞ்சு என்பதை முந்தைய வாரம் முழுவதும், அரசாங்கம் ஊதியம் அளிக்கும் நேரத்திலேயே, அரசாங்கக் கணினியில் கற்றுத் தேர்ந்திருந்தான். அமெரிக்க மலைகளில் நடப்போர்க்காக எழுதப்பட்ட அந்தப் பக்கத்தில் கண்ட நச்சுமரங்கள் பதினொன்றையும் இலை, பட்டை, காய் உட்பட மனப்பாடம் செய்திருந்தான். அவற்றுள் ஒன்றுகூட அந்தமானில் முளைப்பதில்லை என்ற சிறு செய்தியை அந்தப் பக்கம் அவனுக்குச் சொல்லவில்லை.

விறகு வேட்டை தொடங்கியது. முதலில் எதிர்ப்பட்டது, கரை ஒதுங்கிய டிங்கிப் படகொன்றின் நீலப் பலகை. சாயம் பூசிய மரத்தின் புகை நெஞ்சுக்குக் கேடு என்று சொல்லி அதைப் புறங்கண்டான், அது சரியே. அடுத்து வந்தது பச்சை மூங்கில். கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும் என்று அதையும் விரட்டினான், அதுவும் சரியே. பிறகு தேங்காய் மட்டைகள் குவியலாகக் கிடந்தன. வெந்நீர்ப் பானைக்கு அடியில் எரியும் மட்டையை வீரர்கள் தொடுவதில்லை என்று தாண்டிப் போனான். இங்கேதான் அவன் விதி திரும்பியது. நான்காவதாக, காய்ந்து கருத்துக் கனத்துக் கிடந்த, சதுப்பில் வளரும் கண்டல் மரத்தின் கட்டையைக் காலால் ஓர் உதை உதைத்தான். கால் வலித்தது.

“சாப், கண்டல் அச்சா லக்டி. நல்ல வெறகு, நின்னு எரியும்,” என்றார் துரைசாமி.

ஆணை மீறப்பட்டது. ஐம்பதடி தள்ளிப் போய் நிற்குமாறு துரைசாமிக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. “டீக் ஹை சாப், உங்க இஷ்டம்,” என்று அவர் பாதை வளைவுக்கு அப்பால் போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். மனைவி முதுகு காட்டியிருக்க, வழிகாட்டி கண்மறைவில் இருக்க, தனக்கு அறிவு சொல்லக்கூடிய இருவரையும் தன் கையாலேயே அப்புறப்படுத்திவிட்ட பெருவீரன் தனித்து நின்றான்.

அப்போதுதான் அதைக் கண்டான். காற்றில் முறிந்து கழியோரம் சாய்ந்து கிடந்தது அக்கிளை. வெளிறிய நிறம், தக்கை போன்ற எடை, ஒடித்தால் ஒடியும் பணிவு. அடிப்பக்கம் இன்னும் முழுதாகக் காயாததால் ஒடித்த இடத்தில் வெண்பால் கசிந்தது. மனப்பாடம் செய்த பதினொன்றையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தான். இது அவற்றில் இல்லை. பால் தரும் எதுவும் கெடுதல் செய்யாது என்று முடிவு கட்டினான். எழுத்தனாக இருபது ஆண்டு உழைத்தவனின் தர்க்கம் அது. பால் படிந்த கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கட்டு ஒடித்து வந்து அடுப்பில் அடுக்கினான்.

தீக்குச்சிகள் ஏழு களத்தில் மடிந்தன. எட்டாவது குச்சி கிளையைப் பற்றியது. பற்றிய வேகத்தைக் கண்டு வீரன் உள்ளம் பூரித்தான். முழந்தாளிட்டு, முகத்தை அடுப்புக்கு ஒரு சாண் அளவில் கொண்டுபோய், கன்னங்கள் இரண்டும் உப்ப, ஆறாண்டு ஆசையையும் ஒரே மூச்சில் திரட்டி ஊதினான். தீ ஓங்குவதற்கு முன் புகை எழுந்தது. வெள்ளைப் படையாக எழுந்து, இரு கண்களையும் இரு கோட்டை வாயில்களாகக் கருதி உள்ளே புகுந்தது. உள்ளே மிளகாய் அரைத்தது. வீரன் மேலும் ஒருமுறை ஊதினான், ஏனென்றால் சபதம் சபதமே. அதன்பின் அவன் கண்ட உலகம் கண்ணீர் மட்டுமே. கண்ணைக் கசக்கினான், அதே பால் கையால்.

புகையின் நெடி கழியோரம் வரை போயிற்று. உமா மகேஸ்வரி மூக்கை உறிஞ்சினாள், வீரன் விதித்த தடையை மறந்து திரும்பினாள், ஓடி வந்தாள்.

“கண்ணத் தொடாதீங்க, கைய எடுங்க. இது தில்லைங்க. தில்லையப் போயா எரிச்சீங்க?”

புகையைப் பார்த்துத் துரைசாமியும் ஓடி வந்து, எரியும் கிளைகளைக் காலால் சேற்றுக்குள் தள்ளினார். “அந்தப் பால் பட்டா கண்ணே போயிடும் சாப். இத இங்க யாரும் அடுப்புல வெக்கமாட்டாங்க. பானி எங்க இருக்கு, ஊத்துங்க, நிறுத்தாம ஊத்துங்க.”

தேநீராகப் பொங்க வேண்டிய இரண்டு லிட்டரும், கடைசிச் சொட்டு வரை, மல்லாந்து கிடந்த வீரனின் கண்களில் ஊற்றப்பட்டன. தில்லையம்பதியில் பிறந்து, தில்லை தில்லை என்று நாள்தோறும் பாடி, 'தில்லை இல்லம்' என்று பெயர்ப்பலகை மாட்டிய வீட்டில் வளர்ந்த அவன், தன் ஊருக்கே பெயர் தந்த அந்த மரத்தை வாழ்நாளில் ஒருமுறையும் பார்த்ததில்லை. அவன் பிறந்த ஊருக்குள் தேடினாலும் அது எளிதில் கிடைக்காது.

“எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட தெரியும். தில்லைன்னா பாட்டுல மட்டும்தான் இருக்கும்னு நெனச்சீங்களா,” என்றாள் உமா மகேஸ்வரி. தண்ணீர் தீர்ந்த பின்னும் புட்டியை அவன் கண்மேல் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே இருந்தாள். பயந்துபோயிருக்கிறாள் என்று கண் தெரியாமலே அவனுக்குத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில், தோற்ற மன்னர் எவரும் நடந்திராத நடை நடந்தான் வீரன். மனைவி கைபிடித்து முன்னே இழுக்க, துரைசாமி “வேர் இருக்கு, கால தூக்குங்க சாப்” என்று பின்னாலிருந்து உரைக்க, ஒவ்வொரு வேரிலும் தவறாமல் இடறினான். அட்டைகள் அவனைத் தடுக்க ஆளின்றி விருந்துண்டன. ஒரு வாரத்தில் பார்வை தெளிந்துவிடும் என்று பாராடாங் சுகாதார மையத்து டாக்டர் சொல்லிச் சொட்டுமருந்து கொடுத்தார். மூன்று மணிக் கான்வாயைப் பிடித்து வீடு சேர்ந்தார்கள். வழி நெடுக உமா மகேஸ்வரி சபதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆகவே, எரியை வென்றவர் கதைகளும் எரியால் வென்றவர் கதைகளும் ஏட்டில் நிறைந்திருக்க, ஒரு குவளைத் தேநீருக்காக இரு விழிகளையும் களப்பலி தந்து, ஈரேழு தீவிலும் எவரும் அடுப்பில் ஏற்றாத மரத்தை ஏற்றிப் புகழ்கொண்ட சிவபிரகாஷின் கீர்த்தி கடலும் கண்டலும் உள்ளளவும் நின்று நிலைக்குமாக.

திங்கட்கிழமை எனக்குக் கண் சரியாகத் தெரியாததால் மாற்றல் மனுவை உமாவே எழுதினாள், அவள் என் விரலைப் பிடித்து வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.