விடுதியை நிரப்பிய வரலாறு

மாணவர்களின் தங்குமிடப் பஞ்சத்தை ஒழிப்பதில் எங்கள் கிர்கிஸ் நாடு உலகுக்கே வழிகாட்டி. வழிகாட்டிய விரல்களில் ஒன்று என்னுடையது. பெயர் ஷார்ஷென், மலிவு விலை மாணவர் விடுதிக் குழுவின் துணைத் தலைவர்.

தலைநகர் பிஷ்கெக்கில் புது விடுதி எழும்பியதும் ஒரு சிக்கல் கிளம்பியது. அதைக் கண்காணிக்க வேண்டிய எங்களுக்கு உட்கார இடமில்லை. கண்காணிப்பு இல்லாத விடுதியில் மாணவர்களைச் சேர்ப்பது பொறுப்பற்ற செயல் அல்லவா? எனவே கீழ்த்தளத்தில் 'தற்காலிகமாக' குடியேறினோம். எங்களுக்கு உதவ ஒரு துணைக் குழு வந்தது. துணைக் குழுவைத் தணிக்கை செய்ய வந்தவர்கள் அதற்கு மேல்தளத்தை எடுத்துக்கொண்டார்கள். கட்டில்களின் தரத்தை யாராவது படுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று தலைவர் அனார்குல் அம்மையார் சொன்னபோது, நாட்டுக்காக நான் முன்வந்தேன். பனிமலை தெரியும் அறை. மனைவியும் நானும் சோதித்துக்கொண்டே இருக்கிறோம்.

அப்போதுதான் பெர்மெட் வந்தாள். கால்நடை மருத்துவம் படிக்க நாரின் மலை மாவட்டத்திலிருந்து வந்த பெண். தோளில் சுருட்டிய மெத்தை.

"அண்ணே, மாணவர் விடுதி இதானே?"

"இதேதாம்மா."

"ரூம் இருக்கா?"

"நெறைய இருக்கு. காலியாத்தான் இல்ல."

"அப்ப உள்ள யாரு இருக்கா?"

"மாணவர்களுக்கு எடம் இல்லையேன்னு ஆலோசனை பண்றவங்க."

மெத்தையைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "சொந்தக்காரங்க வீட்ல இதுக்கு மேல இருக்க முடியாதுண்ணே. எடம் கெடைக்கலன்னா படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போய் ஆடு மேய்க்க வேண்டியதுதான்."

கண் கலங்கியது. அவளுக்கல்ல, எனக்கு.

"தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல நாலு பொண்ணுங்க இருக்காங்க. பால்கனி மட்டும் சும்மா கெடக்கு."

"பால்கனியா? குளிராதா?"

"காத்தோட்டம்னு சொல்லணும்."

அந்தத் தெரிந்தவர் நான்தான். என்னை எனக்கு நன்றாகவே தெரியும். வாடகையைக் கேட்டு அவள் அலறினாள்.

"என்னண்ணே, கொள்ளையா இருக்கு!"

"அரசு விடுதின்னா மலிவும்மா. அது கெடைக்காததாலதான் மத்த எடமெல்லாம் ஏறிப்போச்சு" என்று பொருளாதாரத்தைக் கட்டணமின்றி விளக்கினேன்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவதாகச் செய்தி வந்தது. விடுதியில் சகலமும் இருந்தது, மாணவர் நீங்கலாக. என் வீட்டில் வாடகைக்கு இருந்த பெண்களையே, பால்கனிக்குக் குடிவந்துவிட்ட பெர்மெட் உட்பட, அழைத்து வந்து, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, என் அறைக் கட்டில்களில் உட்காரவைத்தேன். வரவேற்புத் தட்டிலிருந்த போர்சோக் என்னும் பொரித்த மாவுருண்டையை வாயில் அடைத்தபடி அமைச்சர் உள்ளே வந்து, நேராகப் பெர்மெட்டிடம் போனார்.

"ரூம் வசதியா இருக்காம்மா?"

"தெரியலங்க. இப்பத்தான் பாக்குறேன்."

"அப்ப எங்க தங்கியிருக்கே?"

"ஷார்ஷென் அண்ணன் வீட்டு பால்கனில."

"அண்ணன் எங்க தங்கியிருக்காரு?"

"நான் உக்காந்திருக்கிற கட்டில்லங்க."

அனார்குல் அம்மையார் ஜன்னல் வழியே பனிமலையை ஆராயத் தொடங்கினார். என் பதவி அந்த மலையில் ஏறிக்கொண்டிருந்தது.

அமைச்சர் போர்சோக்கை விழுங்கினார். கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"சொந்த வீட்டையே பொண்ணுங்களுக்குக் குடுத்துட்டு விடுதில கெடக்குறீங்களா? மனுஷன்யா நீங்க!"

எங்கள் நாட்டுப் பொன்னாடையான வெல்வெட் அங்கி ஒன்றை என் தோளில் போர்த்தினார். கைதட்டல். எல்லா அதிகாரிகளும் என் 'முன்மாதிரி'யைப் பின்பற்ற வேண்டும் என்று அங்கேயே ஆணையிட்டார். பின்பற்றினார்கள். அரசு ஆணை ஒன்று இத்தனை வேகமாக நிறைவேறி நான் கண்டதில்லை. இன்று நாட்டின் விடுதிகளில் அதிகாரிகள் நிரம்பியிருக்கிறார்கள். அதிகாரிகளின் பால்கனிகளில் மாணவர்கள் நிரம்பியிருக்கிறார்கள். பஞ்சம் ஒழிந்தது.

விழா முடிந்து படியிறங்கும்போது பெர்மெட் கேட்டாள்.

"அண்ணே, நானும் படிச்சு அதிகாரி ஆயிட்டா எனக்கு மாணவர் விடுதில எடம் கெடைக்குமா?"

"கண்டிப்பா கெடைக்கும்மா" என்றேன். என் பணிக்காலத்தில் ஒரு மாணவிக்கு நான் அளித்த வாக்குறுதிகளில், நிச்சயமாக நிறைவேறக்கூடியது அது ஒன்றுதான்.